ஜன்னல் ஒரு போர்ச்சுகீசியச் சொல்

ஜன்னல், சாவி, மேசை, அலமாரி. நான்குமே போர்ச்சுகீசியர்களோடு கப்பலில் வந்து நம் வீட்டுக்குள் குடியேறிய சொற்கள். ஜனேலா, ஷாவி, மேசா, அர்மாரியு. பள்ளிக்கூடத்தில் ஒரு மதிப்பெண் கேள்விக்காக மனப்பாடம் செய்திருப்போம், அதோடு மறந்தும் போயிருப்போம். போர்ச்சுகல் நாட்டுப் பெண் எழுத்தாளர்களைப் படிக்க ஆரம்பித்த பிறகு (ஆங்கில மொழிபெயர்ப்பில்தான், எனக்கு அந்த மொழி தெரியாது) இந்தச் சொற்கள் எனக்கு மறுபடி விழித்துக்கொண்டன. அந்தப் புத்தகங்களில் பெண்கள் ஜன்னலோரம் நிற்கிறார்கள். அலமாரியைத் திறந்துவிட்டு எதற்குத் திறந்தோம் என்று மறந்து நிற்கிறார்கள். சாவி பெரும்பாலும் வேறு யாரிடமோ இருக்கிறது.

முதலில் அந்த ஜன்னல். போர்ச்சுகலின் தெற்கே அலென்தேஜு என்றொரு பகுதி. கோதுமை வயலும் கார்க் மரங்களும் கொளுத்தும் வெயிலுமான சமவெளி. அங்கே பெஜா என்ற ஊரில் 15ஆம் நூற்றாண்டில் கட்டிய கன்னிமாடம் ஒன்று இருக்கிறது, இப்போது அது அருங்காட்சியகம். அதில் கம்பி போட்ட ஒரு ஜன்னலை இன்னும் வைத்திருக்கிறார்கள். மெர்த்தலா என்ற ஊர்ப் பக்கம் பார்த்திருப்பதால் மெர்த்தலா ஜன்னல் என்று பெயர். 17ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினோடு நடந்த சண்டையில் போர்ச்சுகலுக்கு உதவ பிரெஞ்சுப் படை வந்திருந்தது. மரியானா அல்கொஃபொராது என்ற கன்னியாஸ்திரீ இந்த ஜன்னல் வழியாக ஒரு பிரெஞ்சு அதிகாரியைப் பார்த்தாள், காதலித்தாள், அவன் ஊருக்குப் போய்விட்டான், அவள் அவனுக்கு ஐந்து கடிதங்கள் எழுதினாள் என்பது கதை.

அந்த ஐந்து கடிதங்களும் 1669இல் பாரிஸில் பிரெஞ்சு மொழியில் சின்னப் புத்தகமாக வந்தன. எழுதியவர் பெயர் கிடையாது. போர்ச்சுகீசிய மொழியிலிருந்து பெயர்த்தது என்று மட்டும் போட்டிருந்தது. ஐரோப்பாவே விழுந்து விழுந்து படித்தது. கெஞ்சல், கோபம், அவமானம், மறுபடி கெஞ்சல், கடைசிக் கடிதத்தில் மெல்ல மெல்ல ஒரு தெளிவு. கிட்டத்தட்ட தொண்ணூறு வருடம் கழித்துத் தத்துவவாதி ரூசோ ஒரு போடு போட்டார்: உலகத்தில் இருப்பதையெல்லாம் பந்தயம் கட்டுகிறேன், இதை எழுதியது ஆண்தான் என்று. அவருடைய காரணம்தான் சுவாரஸ்யம். பெண்களுக்குக் காதலை உணரவும் தெரியாது, எழுதவும் தெரியாதாம்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், ரூசோ பந்தயத்தில் ஜெயித்துவிட்டார். 1926இல் ஒரு ஆய்வாளர் பழைய அச்சு உரிமைப் பதிவைத் தேடி எடுத்தார், அதில் கில்யராக் என்ற பிரெஞ்சுப் பிரபுவின் பெயர் இருந்தது. இன்றைக்குப் பெரும்பாலான அறிஞர்கள் அவர்தான் எழுதினார் என்கிறார்கள். காரணம் தப்பு, விடை சரி. கணக்கு வாத்தியாராக இருந்தால் பாதி மதிப்பெண்ணாவது வெட்டியிருப்பேன்.

ஆனால் மரியானா கற்பனை இல்லை. பெஜா கன்னிமாடத்தில் அந்தப் பெயரில் ஒருத்தி நிஜமாகவே வாழ்ந்தாள். 1640இல் பிறந்தாள், சிறுமியாகவே உள்ளே கொண்டுபோய் விட்டார்கள், 1723இல் 83 வயதில் அங்கேயே இறந்தாள். நடுவில், 1709இல், மடத்துத் தலைவி பதவிக்குத் தேர்தலில் நின்று தோற்றாள். கடிதங்களைவிட எனக்கு இந்தத் தகவல்தான் பிடித்திருக்கிறது. கதையில் வரும் மரியானா ஜன்னலை விட்டு நகரவே இல்லை, நிஜ மரியானா கிட்டத்தட்ட எழுபது வயதில் வோட்டு கேட்டிருக்கிறாள். அவள் கைப்பட எழுதிய காதல் கடிதம் என்று ஒரு வரிகூட நம்மிடம் இல்லை. ஆனாலும் உலகம் முழுக்க அவள் அழுதுகொண்டிருக்கிறாள், ஓர் ஆண் எழுதிக்கொடுத்த வசனத்தில்.

போர்ச்சுகீசிய இலக்கியத்தின் தொடக்கமே அப்படித்தான். 13ஆம் நூற்றாண்டுப் பாணர்கள் பாடிய 'காந்திகா த அமீகு' என்ற பாட்டுவகையில் ஒரு பெண் பேசுவாள். கடல் அலையிடமும் பைன் மரத்துப் பூக்களிடமும், என் காதலன் எப்போது வருவான் என்று கேட்பாள். எழுதியவர்கள் ஆண்கள், அதில் ஒருவர் தினீஸ் என்ற அரசரே. நம்மூரில் தலைவி கூற்று படித்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது. பாட்டுகள் அருமையானவை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பெண்ணின் குரல் என்றாலே காத்திருக்கும் குரல் என்ற வழக்கம் அங்கே ஊறிப்போய்விட்டது.

அந்தக் காத்திருப்பில் உடைப்பு போட்டவள் என்று நான் நினைப்பது ஃப்ளோர்பேலா எஷ்பாங்கா என்ற கவிஞரை. இவளும் அலென்தேஜுக்காரிதான். 1894இல், திருமணத்துக்கு வெளியே பிறந்தவள். வளர்த்தது அப்பாதான் என்றாலும், மகள் என்று அவர் சட்டப்படி ஏற்றுக்கொண்டது 1949இல். அவள் அதற்கு எத்தனையோ வருடம் முன்பே, 1930இல், தன் 36ஆவது பிறந்தநாளன்று தானே உயிரை விட்டிருந்தாள். மூன்று கல்யாணம், இரண்டு விவாகரத்து, லிஸ்பனில் ஆண்கள் நிரம்பிய சட்டக் கல்லூரியில் படிப்பு. ஊர் வாய் சும்மா இருக்குமா? 1923இல் வந்த அவளுடைய தொகுப்பின் பெயரில் தன்னை ஒரு கன்னியாஸ்திரீயாக, 'சகோதரி சவுதாத்' ஆக வைத்துக்கொண்டாள். சவுதாத் என்றால் ஏக்கம். மறுபடி மடம், மறுபடி ஜன்னல் என்று தோன்றும். ஆனால் பிறகு எழுதிய ஒரு சானெட்டில் (பதினான்கு வரிக் கவிதை) அவள் கேட்பதைப் பாருங்கள்: காதலிக்க வேண்டும், தலைகால் புரியாமல் காதலிக்க வேண்டும், இவனை, அவனை, மற்றவனை, எல்லாரையும், அப்புறம் யாரையுமே காதலிக்காமல் இருக்கவும் வேண்டும். அந்த 'யாரையுமே' என்ற வரிக்காகத்தான் முழுக் கவிதையும். எந்தப் பாணனும் தன் தலைவிக்கு இப்படி ஒரு வரி எழுதிக்கொடுக்கவில்லை.

இதற்கிடையில் சட்டத்திலும் ஒரு கூத்து நடந்தது. 1910இல் மன்னராட்சி போய்க் குடியரசு வந்தது. எழுதப் படிக்கத் தெரிந்த, அல்லது குடும்பத் தலைவராக இருக்கிற, 21 வயது தாண்டிய குடிமக்கள் வாக்களிக்கலாம் என்றது தேர்தல் சட்டம். 'ஆண்' என்று எங்கும் எழுத மறந்துவிட்டார்கள். கரோலினா பியாத்ரீஸ் ஆஞ்செலு என்ற மருத்துவர் அதைக் கவனித்தார். கணவரை இழந்தவர், ஒரு பெண் குழந்தையோடு தானே குடும்பத் தலைவி. நீதிமன்றம் போனார். வழக்கை விசாரித்த நீதிபதி, 'போர்ச்சுகல் பெண்களுக்கு' என்ற புத்தகத்தை 1905இல் எழுதிய ஆனா த காஸ்த்ரு ஓசோரியுவின் அப்பா. தீர்ப்பு சாதகமாக வந்தது. 1911 மே 28 அன்று ஆஞ்செலு போய் வோட்டுப் போட்டார். 1913இல் சட்டத்தை எடுத்து, 'ஆண்' என்று தெளிவாகச் சேர்த்துவிட்டார்கள். எழுதுகிறவர்களுக்குச் சொல் முக்கியம் என்பார்கள், அரசாங்கத்துக்கு அது இன்னும் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

பிறகு சலசார் என்ற சர்வாதிகாரி வந்தார். 1933ஆம் வருட அரசியல் சாசனம் குடிமக்கள் எல்லாரும் சமம் என்று சொல்லிவிட்டு, பெண்கள் விஷயத்தில் மட்டும் 'அவர்களுடைய இயற்கையாலும் குடும்ப நலனாலும் வரும் வேறுபாடுகள்' விலக்கு என்று ஒரு வாலைச் சேர்த்தது. அந்த வாலில் எல்லாமே அடங்கிவிட்டது. பள்ளி ஆசிரியை கல்யாணம் செய்துகொள்ள அரசாங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டும். அரசு மருத்துவமனை நர்ஸ் கல்யாணமே செய்துகொள்ளக் கூடாது, 1963 வரை. மனைவி வெளிநாடு போக 1969 வரை கணவன் ஒப்புதல் வேண்டும். நீதிபதியாகவோ தூதராகவோ பெண் ஆக முடியாது. இன்னொன்றும் இருந்தது: மனைவிக்கு வரும் கடிதத்தைப் பிரித்துப் படிக்கக் கணவனுக்கு உரிமை உண்டு.

இந்தக் கடைசிச் சட்டத்தைப் படித்த அன்று எனக்கு எங்கள் வீட்டுத் திண்ணை ஞாபகம் வந்தது. அப்பா அப்போது மஸ்கட்டில் இருந்தார். மாதம் இரண்டு கடிதம் வரும், சிவப்பு நீலக் கோடு போட்ட கவர். தபால்காரர் அதைத் தாத்தாவிடம் தருவார். தாத்தா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கவரின் ஓரத்தை நகத்தால் கீறிப் பிரித்து, முழுக்கப் படித்து முடித்து, மறுபடி மடித்து, "இந்தாம்மா, எல்லாரும் சௌக்கியமான்னு கேட்டிருக்கான்" என்று நீட்டுவார். அம்மா "சரி மாமா" என்று வாங்கிக்கொண்டு உள்ளே போவாள். எந்தச் சட்டமும் இல்லாமலே. தாத்தா கெட்டவர் இல்லை, தப்பு என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை. அப்பா எழுதிய கடிதங்களில் 'எல்லாரும் சௌக்கியமா' என்பதைத் தாண்டி ஏன் எதுவுமே இல்லை என்பது எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் உறைத்தது.

சலசார் காலத்தின் வீட்டுக்குள் என்ன நடந்தது என்று தெரிய வேண்டுமானால் மரியா ஜுதித் த கர்வால்யுவைப் படிக்க வேண்டும். 1966இல் வந்த சின்ன நாவல், பெயர் 'காலி அலமாரிகள்'. தோரா என்ற விதவை பத்து வருடம் கணவனை நினைத்துத் துக்கம் காக்கிறாள். அவனை ஒரு புனிதராகவே ஆக்கி வைத்திருக்கிறாள். ஒருநாள் மாமியார் வாய்விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறாள்: அவன் செத்திருக்காவிட்டால் உன்னை விட்டுவிட்டு வேறொருத்தியிடம் போயிருப்பான். அவ்வளவுதான். பத்து வருடமும் ஒரே வாக்கியத்தில் காலி. சுதந்திரம் என்ற சொல்லைத் தூக்கிப் பிடிக்காத புத்தகம், சத்தம் போட்டு யாரும் பேசுவதுகூட இல்லை. இப்படிப்பட்ட அமைதி எனக்குப் பத்துக் கோஷங்களைவிடப் பயமாக இருக்கிறது.

சத்தம் 1971இல் வந்தது. மரியா தெரேசா ஓர்த்தா என்ற பத்திரிகையாளர் 'மின்யா சென்யோரா த மிம்' என்ற கவிதைத் தொகுப்பை வெளியிட்டார். 'எனக்கு எஜமானி நானே' என்று வைத்துக்கொள்ளலாம். பழைய பாணர்கள் தங்கள் காதலியை 'என் எஜமானரே' என்று ஆண்பாலிலேயே விளிப்பார்கள். அதைத் திருப்பித் தன்னை நோக்கியே ஒரு பெண் சொல்லிக்கொள்கிறாள். தலைப்புக் கவிதையின் முதல் வரியோ 16ஆம் நூற்றாண்டுக் கவி சா த மிராந்தாவின் புகழ்பெற்ற வரி. என்னோடு எனக்கே சண்டை என்று அவர் எழுதியதை எடுத்து அடுத்த வரியிலேயே வேறு எங்கோ கொண்டுபோகிறார் ஓர்த்தா. உள்ளே பெண் உடம்பின் ஆசை, பெண் வாயால். புத்தகத்தைத் தடை செய்தார்கள். பதிப்பாளரை மிரட்டினார்கள். அதோடு நிற்கவில்லை. ஒரு ராத்திரி லிஸ்பன் தெருவில் சில ஆண்கள் ஓர்த்தாவை வழிமறித்து அடித்தார்கள். இப்படியெல்லாம் எழுதக் கூடாது என்று புத்தி வரத்தான் இந்த அடி என்று சொல்லியே அடித்தார்கள்.

ஓர்த்தாவின் தோழிகள் இரண்டு பேர். மரியா இசபெல் பாரேனு, மரியா வேல்யு த கோஸ்தா. மூவருமே மரியா, முப்பதுகளில் இருந்தவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளை பெற்றவர்கள், ஏற்கெனவே புத்தகம் போட்டவர்கள். ஒரு பெண் எழுதியதற்கே இந்தப் பாடு என்றால் மூன்று பேர் சேர்ந்து எழுதினால் என்ன செய்வார்கள் என்ற கேள்வி அவர்களுக்குள் எழுந்தது. வாரந்தோறும் சந்தித்தார்கள், எழுதியதை ஒருவருக்கொருவர் கொடுத்தார்கள், பதில் எழுதினார்கள். பிடிமானத்துக்கு எடுத்துக்கொண்டது பெஜாவின் மரியானாவை. ஒன்பது மாதத்தில் கடிதம், கவிதை, கட்டுரை என்று சுமார் 120 துண்டுகள். ஒரு துண்டிலும் கையெழுத்து இல்லை, தேதி மட்டும்.

'புதிய போர்ச்சுகீசியக் கடிதங்கள்' 1972 ஏப்ரலில் வந்தது. பதிப்பகத்தில் இலக்கியப் பொறுப்பில் இருந்தவர் நத்தாலியா கொரெய்யா, ஏற்கெனவே ஒரு சிற்றின்பக் கவிதைத் தொகுப்பைப் பதிப்பித்ததற்காகத் தண்டனை வாங்கியிருந்த கவிஞர். சில பகுதிகளை வெட்டிவிட்டுப் போடலாமே என்றவர்களுக்கு அவர் முடியாது என்று சொல்லிவிட்டார். அந்த நாட்டில் செய்தித்தாளுக்குத்தான் அச்சுக்கு முன்பே தணிக்கையாளரின் நீலப் பென்சில், புத்தகத்தைப் பொதுவாக வந்த பிறகுதான் பறிமுதல் செய்வார்கள். இதையும் செய்தார்கள்.

முதல் கடிதத்திலேயே, இலக்கியம் என்பதே கண்ணுக்குத் தெரியாத ஒருவருக்கு எழுதும் நீண்ட கடிதம்தானே என்று தொடங்குகிறார்கள். முடிக்கும்போது மரியானாவை விளித்து, வெறும் ஏக்கங்களை வைத்து ஒரு சகோதரிக் கூட்டமும் மடமும் கட்டிவிடலாம், வெறும் பழிவாங்கலை வைத்துப் புதிதாக ஒரு மாதத்தையே நாட்காட்டியில் சேர்த்துவிடலாம் என்று சொல்லிவிட்டுக் கேட்கிறார்கள்: நம்மை வைத்து என்ன செய்யப் போகிறோம்? புத்தகம் முழுக்க அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் போகிறது. மரியானா, மரியா ஆனா, ஆனா மரியா என்று ஒரே பெயரைப் புரட்டிப் புரட்டிப் போட்டு, நூற்றாண்டு நூற்றாண்டாகப் பெண்களை எழுதவைக்கிறார்கள். சில பக்கங்கள் எனக்குப் பிடிபடவில்லை. சிலவற்றில் தங்கள் புத்திசாலித்தனத்தைத் தாங்களே ரசித்துக்கொள்கிறார்களோ என்றும் தோன்றியது. எல்லாவற்றையும் கொண்டாட வேண்டும் என்று கட்டாயமா என்ன.

ஆனால் ஒரு கடிதத்தை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. அதன் தலைப்பே தபால் முகவரி போல நீள்கிறது: இன்ன கிராமம், இன்ன பங்கு, இன்ன வட்டத்தைச் சேர்ந்த மரியா ஆனா என்ற பெண், பல வருடமாகக் கனடாவின் மேற்குக் கரையில் கிட்டிமாட் என்ற ஊருக்குப் போய்விட்ட அந்தோனியு என்ற தன் கணவனுக்கு எழுதுவது. 1960களில் லட்சக்கணக்கான போர்ச்சுகீசிய ஆண்கள் பிழைப்புத் தேடிப் பிரான்ஸுக்கும் ஜெர்மனிக்கும் அதற்கு அப்பாலும் போனார்கள். போகாதவர்களை ஆப்பிரிக்கக் காலனிகளான அங்கோலாவுக்கும் கினியாவுக்கும் மொசாம்பிக்குக்கும் சண்டைக்கு அனுப்பினார்கள். ஊரில் மிஞ்சியது பெண்கள். இந்த மரியா ஆனா தத்துவம் எதுவும் பேசவில்லை. அவளிடம் கவித்துவமும் கிடையாது. காலம் போகிறது என்கிறாள்.

வழக்குக்கு வருவோம். பத்திரிகைச் சுதந்திரத்தைத் தவறாகப் பயன்படுத்தியது, பொது ஒழுக்கத்துக்கு ஊறு விளைவித்தது என்று மூவர் மீதும் குற்றம் சாட்டினார்கள். போலீஸ் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்தது. ஆபாசமாக இருக்கிற பகுதிகளை எழுதியது யார்? ஒருத்தி பெயர் சொன்னால் மற்ற இருவரையும் விட்டுவிடலாம். அடி வாங்கிய ஓர்த்தாதான் என்று போலீஸ் நினைத்திருக்கலாம், ஊரும் நினைத்தது. மூன்று பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: மூன்று பேரும்தான்.

பெயர் இல்லாமல் இருப்பதுதான் நூற்றாண்டுக் கணக்கில் பெண்களின் தலையெழுத்து. மரியானாவின் பெயரில் ஓர் ஆண் எழுதலாம், ஃப்ளோர்பேலாவுக்கு உயிரோடு இருந்தவரை சட்டப்படி அப்பா பெயர் கிடைக்காமல் போகலாம். அதே பெயரில்லாமையைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டார்கள் இவர்கள். பெண் விடுதலை என்றாலே 'என் பெயர், என் குரல், நான்' என்று நினைத்துப் பழகிய எனக்கு இது ஒரு அடி. 'நான் எழுதவில்லை' என்று சொல்லித் தப்பிக்கும் வழியை அவர்கள் மூடிக்கொண்டார்கள். 'நான்தான் எழுதினேன்' என்று பேர் வாங்கும் வழியையும் சேர்த்தே மூடிக்கொண்டார்கள். என் அனுபவத்தில் எழுதுகிறவர்களுக்கு இரண்டாவதுதான் கஷ்டம்.

பிரதிகள் எப்படியோ பாரிஸுக்குப் போய் பிரெஞ்சுப் பெண்ணிய எழுத்தாளர் சிமோன் த போவாவின் கைக்கும் கிடைத்தன. 1973 ஜூனில் அமெரிக்காவில் நடந்த பன்னாட்டுப் பெண்ணிய மாநாடு இதைத் தன் வழக்காக எடுத்துக்கொண்டது. பல நகரங்களில் போர்ச்சுகல் தூதரகங்களுக்கு முன்னால் பெண்கள் நின்று கத்தினார்கள். அக்டோபரில் விசாரணை தொடங்கியது, தள்ளிப்போனது, இழுத்தது. 1974 ஏப்ரல் 25 அன்று துப்பாக்கி முனையில் கார்னேஷன் பூ செருகிய சிப்பாய்கள் ஆட்சியையே கவிழ்த்தார்கள். மே 7ஆம் தேதி நீதிபதி தீர்ப்பு சொன்னார். ஆபாசமும் இல்லை, ஒழுக்கக்கேடும் இல்லை, உயர்ந்த கலைப்படைப்பு என்று. ஏப்ரலுக்கு முன்பும் அவர் அதையே சொல்லியிருப்பாரா என்று கேட்கக் கூடாதுதான்.

இங்கே முடித்தால் அழகான கதை. ஆனால் 1975 ஜனவரி 13 என்று ஒரு தேதி இருக்கிறது. ஓர்த்தாவும் பாரேனுவும் இருந்த பெண் விடுதலை இயக்கம் லிஸ்பனின் எதுவார்து ஏழாம் அரசர் பூங்காவில் ஒரு சின்னப் போராட்டம் அறிவித்தது. மணப்பெண், இல்லத்தரசி, மயக்குக்காரி என்று மூன்று பேர் வேஷம் போட்டு வந்து, பெண்ணடிமைத்தனத்தின் சின்னங்களை எரிப்பது திட்டம். துணியை அவிழ்க்கப் போகிறார்கள் என்று பேச்சு பரவியது. ஆயிரக்கணக்கில் ஆண்கள் திரண்டார்கள். இருந்த கொஞ்சம் பெண்களையும் சூழ்ந்துகொண்டு இழுத்தார்கள், தள்ளினார்கள், கிண்டல் செய்தார்கள். கூட்டத்தில் பூவோடு புரட்சிக்கு வாழ்த்துச் சொன்ன அதே ஆண்களும் இருந்திருப்பார்கள். விடுதலை வந்து ஒன்பது மாதம்கூட ஆகவில்லை. வேல்யு த கோஸ்தா அதற்குள் பெண்ணிய இயக்கத்திலிருந்து விலகிப் போயிருந்தார். மூன்று மரியாக்கள் கடைசிவரை கைகோத்து நின்றார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை.

நத்தாலியா கொரெய்யாவைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட மனம் வரவில்லை. பின்னாளில் அவர் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1982இல் கருக்கலைப்புச் சட்ட விவாதம். மொர்காது என்ற உறுப்பினர், உடலுறவு பிள்ளை பெறுவதற்காக மட்டுமே என்று பேசினார். நத்தாலியா அங்கேயே ஒரு நையாண்டிக் கவிதை எழுதினார். ஐயா சொல்வது உண்மையானால், அவருக்கு ஒரே பிள்ளை இருப்பதை வைத்துப் பார்த்தால் அவர் வாழ்க்கையில் எத்தனை முறை என்ற கணக்கு. கட்சி பேதமில்லாமல் அவை சிரித்தது. அந்தச் சட்டம் அப்போது தோற்றது, கவிதையை மட்டும் ஊர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறது.

மனைவியின் கடிதத்தைக் கணவன் பிரிக்கும் உரிமை போனது 1976 ஜூனில். அதாவது புத்தகம் வந்து நான்கு வருடம் கழித்து.

பாரேனு 2016இலும் வேல்யு த கோஸ்தா 2020இலும் போனார்கள். கடைசியாக ஓர்த்தா, 2025 பிப்ரவரியில். எதை யார் எழுதியது என்று மூவரும் சொல்லவே இல்லை. என்னிடம் இருப்பது 1975இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பின் பழைய பிரதி, நடைபாதைக் கடையில் வாங்கியது. முதல்முறை படித்தபோது பென்சிலோடு உட்கார்ந்தேன். கவிதையாக இருந்தால் ஓரத்தில் ஓர்த்தா, வாதமாக இருந்தால் பாரேனு, மொழியைத் திருகி விளையாடினால் வேல்யு த கோஸ்தா என்று மூன்று அடையாளம் போட்டுக்கொண்டே போனேன். சுமார் ஐம்பது பக்கம் நன்றாகத்தான் போனது. கனடாவுக்கு எழுதிய கடிதம் வந்தது. இரண்டு தடவை படித்தும் எந்த அடையாளம் போடுவது என்று தெரியவில்லை. அப்போதுதான், நான் கேட்டுக்கொண்டிருப்பது போலீஸ் கேட்ட அதே கேள்வி என்று உறைத்தது. முன்னால் போய் ஒவ்வொரு பக்கமாக ரப்பரால் அழித்தேன். பழைய தாள், சில இடங்களில் கிழிந்தும் போனது.